ஒரு வரிக்குப் பத்து நிமிடம்: திருவட்டாற்றில் கதகளி பார்ப்பவருக்கு

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழா இரவுகளில், சுவாமி எழுந்தருளல் முடிந்து கூட்டம் கலையத் தொடங்கும்போதுதான் கதகளிக்கு விளக்கு வைப்பார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேரில் பலர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, இராவணன் போன்ற 'கத்தி' வேஷக்காரர் அலறும்போது திடுக்கிட்டு விழிப்பார்கள். போகிறவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: "ஒண்ணும் நடக்கல்லியே."

பாஷை புரியாததுதான் காரணம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் காதுகளுக்கு மலையாளம் புதிதல்ல. தவிர, கதகளிக்கான பாட்டு நூல்களான ஆட்டக்கதைகளின் சுலோகங்கள் சமஸ்கிருதம், பதங்கள் சமஸ்கிருதம் கலந்த பழைய மணிப்பிரவாளம். திருவனந்தபுரத்திலிருந்து வந்து உட்காருகிறவருக்கும் பாதிதான் பிடிபடும். குறை நம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. தெருக்கூத்தும் நாடகமும் பார்த்த கண், அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்கிறது. கதகளியில் கதை நகரும் நேரம் மிகக் கொஞ்சம். பெரும்பகுதி நேரம் ஒரு சொல்லை, ஒரு நினைப்பை நடிகர் விரித்துக் காட்டுவதற்குப் போகிறது. எந்த நேரத்தில் எது நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் அலுப்பு பெரும்பாலும் போய்விடும்.

பிரிப்பது கடினமில்லை. திரைசீலையை இரண்டு பேர் பிடித்திருக்க, பின்னணிப் பாட்டுக்காரர்கள் தாளமில்லாமல் பாடுவது சுலோகம். "இப்படியிருக்கையில் பீமன் திரௌபதியிடம் சொன்னான்" என்பதுபோல, கதையைப் படர்க்கையில் சொல்லி நகர்த்துவது அதுதான். இந்த ஒரு நிமிடத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த அரை மணி நேரம் யார், எங்கே, எதற்காக என்பது தெரியாமல் போகும். திரை விலகியதும் தாளத்தோடு வருவது பதம். இது பாத்திரத்தின் சொந்தப் பேச்சு. முதன்மைப் பாடகரான பொன்னானி சேங்கிலை என்ற வட்டத் தகட்டைத் தட்டிக்கொண்டு ஒரு வரியைப் பாடுவார். துணைப் பாடகரான சிங்கிடி இலத்தாளம் என்ற கைத்தாளத்தோடு அதையே வாங்கிப் பாடுவார். வரி திரும்பத் திரும்ப வரும். பாட்டுக்காரர் மறந்துபோய்த் திருப்பிப் பாடவில்லை, நடிகருக்கு நேரம் கொடுக்கிறார். "தாமரைக் கண்ணாளே" என்று ஒரு விளி வந்தால் தாமரை, அது மலர்வது, அதில் வண்டு மொய்ப்பது, பிறகு கண், பிறகு அந்தக் கண்ணுக்கு உரியவள் என்று ஒவ்வொன்றாகக் கையிலும் முகத்திலும் வந்து முடியும்வரை வரி நிற்கும். சரணம் முடிந்ததும் கலாசம் என்கிற துரித நடன முத்தாய்ப்பு. அதில் அர்த்தம் தேட வேண்டாம், காலைப் பாருங்கள்.

மெதுவாகப் பாடப்படும் சிருங்காரப் பதத்துக்குப் பதிஞ்ச பதம் என்று பெயர். எழுந்து போகிறவர்கள் எழுந்து போவது இந்த இடத்தில்தான். அதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் மரியாதை வரும். தாளங்களில் செம்படை 8 அட்சரம், செம்பை 10, அடந்தை 14. மிக மெதுவான முதல் காலத்தில் இவை நான்கு மடங்காக நீண்டு 32, 40, 56 மாத்திரை ஆகிவிடும். 56 மாத்திரைச் சுற்று ஒன்றில் நடிகர் காலைத் தாளத்தில் வைத்துக்கொண்டு, இடுப்பைத் தாழ்த்தி, முகத்தில் ஒரே பாவத்தை அறுபடாமல் நீட்ட வேண்டும். இளம் நடிகர்கள் தவறுவதும் இங்கேதான்: கை முத்திரை சீக்கிரம் முடிந்துவிடும், தாளம் இன்னும் பாதி பாக்கி இருக்கும், நடுவில் முகம் வெறுமையாகிவிடும். அந்த வெறுமையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் நல்ல பார்வையாளர். பாவம் தீர்ந்துபோவதைப் பழைய ரசிகர்கள் முன்வரிசையிலிருந்தே உச்சுக்கொட்டிக் காட்டிக்கொடுப்பார்கள்.

மூன்றாவது இளகியாட்டம். இதற்குப் பாட்டே கிடையாது. மேளமும் தாளமும் மட்டும் கூட வர, நடிகர் தன் மனோதர்மத்தால் கட்டிக்கொண்டு போவது. கோட்டயத்துத் தம்புரான் எழுதிய கல்யாணசௌகந்திகத்தை எடுத்துக்கொள்வோம். கதை எல்லோருக்கும் தெரியும். திரௌபதி கேட்ட பூவைத் தேடிக் கதாயுதத்தோடு பீமன் காட்டுக்குள் போகிறான். எழுத்தில் இது ஓரிரு வரி. அரங்கிலோ, காட்டை அவன் பார்ப்பதே ஒரு தனி அத்தியாயம். யானை ஒன்று நிற்கிறது, அதன் காலை மலைப்பாம்பு விழுங்கத் தொடங்குகிறது, அதே நேரம் சிங்கம் பாய்ந்து யானையின் மத்தகத்தைப் பிளக்கிறது. அஜகரகபளிதம் என்று பெயர்பெற்ற பகுதி. யானை, பாம்பு, சிங்கம், இதையெல்லாம் தூர நின்று பார்க்கும் பீமன், நான்கும் ஒரே ஆள். யானையாகும்போது கண் சுருங்கித் துதிக்கைக் கை தளரும். பாம்பாகும்போது தாடையும் கழுத்தும் இறுகும். சிங்கத்தில் கண் உருண்டு விரியும். வேஷமோ கிரீடமோ மாறாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் நொடி தெளிவாக இல்லையென்றால், யார் யாரை விழுங்குகிறார்கள் என்றே தெரியாமல் வெறும் கைவீச்சாகப் போய்விடும். இதை நன்றாகச் செய்கிற நடிகர், மாறுவதற்கு முன் ஒரு கணம் பீமனாகத் திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த மிருகத்துக்குள் போவார்.

அடுத்து தவத்திலிருக்கும் அனுமன் வருவான். பீமன் காட்டை அடித்துக்கொண்டு வரும் சத்தத்தில் தவம் கலைந்து, வருபவன் தம்பிதான் என்று தெரிந்து அவன் ஆடுவது அஷ்டகலாசம். பிறகுதான் வால், கதாயுதம், கர்வபங்கம். கதைக்காக மட்டும் வந்தவர் காத்திருந்தது இந்த ஒரு காட்சிக்கு. முன்னால் போனதெல்லாம்தான் கதகளி.

வேஷங்களைப் பற்றி, பச்சை நல்லவன், கத்தி கெட்டவன் என்று கோயில் நோட்டீசிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். அவ்வளவு எளிதல்ல. பச்சை, உயர்ந்த நாயகர்களுக்கு: நளன், அர்ச்சுனன், பீமன், கிருஷ்ணன். கத்தி வேஷத்திலும் அடிநிறம் பச்சைதான். அதன் மேல் கன்னத்தில் சிவப்பைக் கத்தி வடிவில் இழுத்து வெள்ளை வரம்பு கட்டி, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளைக் குமிழ் வைப்பார்கள். இராவணன், துரியோதனன், கீசகன், நரகாசுரன் எல்லோரும் பிறப்பில் உயர்ந்தவர்கள், ஆசையில் சரிந்தவர்கள். முகத்திலேயே அந்த இரண்டும் இருக்கின்றன. பச்சை வாய் திறக்காது, கத்தி அலறும். சிவப்புத் தாடி துச்சாசனன், பகன். கறுப்புத் தாடி வேடனுக்கும் நளசரிதத்தின் கலிக்கும். வெள்ளைத் தாடி அனுமனுக்கு. சூர்ப்பணகை, சிம்மிகை போன்ற அரக்கிகள் கரி. பெண்களும் முனிவர்களும் பிராமணர்களும் மினுக்கு. பலராமன், சிவன் போன்ற சிலருக்குப் பழுப்பு என்று ஒன்று உண்டு, அபூர்வம்.

வேஷம் கட்டும் அணியறையை எட்டிப் பார்க்க விடுவார்கள் என்றால் சாயங்காலமே போய்விடுங்கள். ஆட்டத்தில் பாதி அங்கே நடக்கிறது. முதலில் தேப்பு: நடிகரே கண்ணாடி பார்த்து முகத்தில் கோடுகளை எழுதி நிறம் தேய்த்துக்கொள்வார். மஞ்சளுக்கு மனயோலை, அரிதார இனத்துக் கல், ஆர்சனிக் சேர்ந்தது, அதனால் வாய்க்குள் போகாமல் கவனம் வேண்டும். அதைத் தேங்காய் எண்ணெய் விட்டு வெண்ணெய்போல அரைக்க வேண்டும். மனயோலையில் நீலப்பொடி சேர்த்தால் பச்சை. சிவப்புக்குச் சாயில்யம், நம் நாட்டு மருந்துக்கடைச் சாதிலிங்கம். மினுக்கின் பொன்னிறத் தோலுக்கு மனயோலையில் சாயில்யம் துளி போதும். கூடிவிட்டால் தமயந்தி வெயிலில் நின்று கறுத்தவள்போல ஆகிவிடுவாள். அரைப்புதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கல் நைசாக அரையாவிட்டால் முகத்தில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். எண்ணெய் மிஞ்சினால் வியர்வை வரும்போது வழுக்கி, கண்மையோடு கலந்து ஓடும்.

பிறகு நடிகர் பாயில் மல்லாந்து படுத்துவிட, சுட்டிக்காரர் தலைமாட்டில் உட்காருவார். தாடையைச் சுற்றி வெள்ளையாகப் புடைத்து நிற்கும் அந்த வரம்புதான் சுட்டி. பழைய முறையில் அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்த பசையை ஒரு அடுக்கு போட்டு, உலரவிட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கு என்று முழுவரம்பையும் மாவிலேயே கட்டி எழுப்புவார்கள். இப்போது மாவுப்பசையால் அடித்தளம் போட்டு, வெட்டிய காகித வளையத்தை அதில் நிறுத்துகிறார்கள். நேரமும் மிச்சம், முகத்துக்குப் பாரமும் குறைவு. நிழல் விழும் அழகும் கூடியிருக்கிறது என்பது எங்கள் எண்ணம். அளவு கைப்பழக்கம்தான். சுண்ணாம்பு குறைந்தால் பசை இறுகாமல் தொங்கும், கூடினால் தோலை எரிக்கும். படுத்திருப்பவர் பேசினாலோ சிரித்தாலோ தாடையில் வெடிப்பு விழும். விழுந்தால் ஒட்டுப்போட முடியாது, அந்தப் பகுதியைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். தேப்பும் சுட்டியும் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் பல நடிகர்கள் அந்த நேரத்தில் தூங்கிவிடுகிறார்கள். தூங்குகிற முகம்தான் சுட்டிக்காரருக்கு வசதி.

உடுத்துகெட்டு அதற்குப் பின். கஞ்சி போட்டு மடித்த வெள்ளைத் துணிகளைக் கச்சையில் வரிசையாகச் செருகி இடுப்பைச் சுற்றிக் குடைபோல விரிய வைப்பது. இரண்டு பேர் இருபுறமும் இழுத்துப் பிடித்துக் கட்டுவார்கள். கட்டு இளகினால் இரண்டாவது கலாசத்திலேயே ஒருபக்கம் சரியும். மூச்சடைக்க இறுக்கினால் நடிகர் விடியும்வரை தாங்கமாட்டார். அதன் மேல் குப்பாயம் என்ற சட்டை, மார்புப் பூட்டு, தோள்வளை, நுனியில் கண்ணாடி பதித்த உத்தரீயங்கள், இடக்கை விரல்களுக்கு வெள்ளி நகம், முழங்காலுக்குக் கீழே கச்சமணி. குமிழ மரத்தில் செதுக்கிய கேசபாரக் கிரீடம் கடைசியாக. அரங்குக்குப் போகும் முன் சுண்டை இனச் செடியொன்றின் பூவின் அடிக்காயை உள்ளங்கையில் கசக்கிக் கீழ் இமைக்குள் வைத்துக் கண்ணை உருட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைவிழி சிவந்துவிடும், சில மணி நேரம் அப்படியே இருக்கும். பச்சை முகத்தில் வெள்ளைக் கண் விளக்கொளிக்கு எடுபடாது; சிவந்த கண்ணின் அசைவு கடைசி வரிசைவரை தெரியும்.

நாகர்கோவில் பக்கம் பரதநாட்டியம் படித்த பிள்ளைகள் கதகளியைப் பார்த்துக் குழம்புவது இரண்டு இடங்களில். ஒன்று நிற்கும் விதம். அரைமண்டியில் பாதம் முழுதும் தரையில் பதியும். கதகளியில் கால்களை நன்றாக அகற்றி, முழங்காலை வெளிப்பக்கம் மடித்து, எடையைப் பாதத்தின் வெளிவிளிம்பில் வைத்து, பெருவிரலைத் தூக்கி, முதுகை உள்வளைத்து நிற்பார்கள். பழகாதவருக்கு ஐந்து நிமிடத்தில் கணுக்கால் கெஞ்சும். பாதம் தட்டையாகச் சரிந்தால் முழங்கால் தானாக உள்ளே வந்துவிடும். வந்துவிட்டால் அத்தனை பெரிய உடுப்பு தொளதொளவென்று தொங்கும். இதற்காகத்தான் மழைக்காலத்தில் எண்ணெய் பூசி ஆசான் காலால் மிதித்து இடுப்பைத் திறக்கும் உழிச்சில், விடியுமுன் கண்ணில் நெய் விட்டுச் செய்யும் கண்சாதகம் என்ற கண்பயிற்சி எல்லாம்.

இன்னொன்று கை. கதகளி பின்பற்றுவது ஹஸ்தலட்சண தீபிகை. அதில் அடிப்படை முத்திரை 24. பதாகம், கர்த்தரீமுகம், முஷ்டி என்று பரதத்தில் கேட்ட பெயர்களே வரும், வடிவம் பல இடங்களில் வேறு. கதகளிப் பதாகத்தில் மோதிர விரல் மடங்கும். பரதநாட்டியக்காரருக்கு அது திரிபதாகம். பெயரை நம்பிப் பார்த்தால் தப்பாகப் படிப்போம். ஒரு கை, இரண்டு கையிலும் ஒரே முத்திரை, இரண்டு கையில் இரண்டு முத்திரை என்று இந்த 24 சேர்ந்து நூற்றுக்கணக்கான சொற்களைத் தருகின்றன. முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போக அவசியமில்லை. "நான்", "நீ", "வேண்டாம்", "அழகு", "என்ன", "போ" என்று அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டைத் தெரிந்துவைத்தால் வாக்கியத்தின் போக்கு பிடிபட்டுவிடும்; மீதியை முகம் சொல்லும்.

செண்டை நடிகரின் கையைப் பின்தொடர்வது. கை மெல்லச் சுழன்றால் குச்சி உருளும், கை வெட்டினால் அடி விழும். பெண் பாத்திரங்கள் வரும்போது செண்டை விலகி இடக்கா என்ற சிறு மேளம் வரும். சத்தத்திலேயே காட்சி மாறிவிட்டது தெரியும். மத்தளக்காரரின் வலக்கை விரல்களில் துணி சுற்றிச் சோறும் சுண்ணாம்பும் பூசி இறுக்கிய உறைகள் இருக்கும். அந்தக் கனத்த சத்தம் அதில் பிறப்பது. கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்குப் பதங்களில் காம்போதியும் தோடியும் அடையாளம் தெரியும். பாடி, புறநீரை போன்ற கேரளத்து ராகங்கள் வரும்போது சற்று அந்நியமாக இருக்கும்.

இந்தக் கலை நம் குமரிப் பக்கத்திலும் நிலைத்ததற்குத் திருவிதாங்கூர் அரண்மனை ஒரு காரணம். கொட்டாரக்கரைத் தம்புரானின் இராமனாட்டத்திலிருந்து வளர்ந்த வடிவம் இது. 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் தர்மராஜா ராஜசூயம் முதலிய ஆட்டக்கதைகள் எழுதினார், பாலராமபரதம் என்ற நாட்டிய இலக்கண நூலும் அவருடையது. அவர் ஆட்சியின் பெரும்பகுதிக்குப் பத்மநாபபுரம்தான் தலைநகர். 1795இல்தான் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1இல் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். கோயில் வழக்கம் மாறவில்லை. வடக்கே பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனோன் ஒழுங்குபடுத்திய கல்லுவழிச் சிட்டை என்ற ஆட்டமுறை, அசைவின் கட்டுக்கோப்புக்குப் பெயர்போனது. திருவிதாங்கூர்ப் பக்கத்துத் தெற்கன் சிட்டையில் மனோதர்மத்துக்கு இடம் அதிகம், கத்தி வேஷத்துக்கும் நளசரிதத்துக்கும் மவுசு. குரு செங்ஙன்னூர் இராமன்பிள்ளை, மாங்குளம் விஷ்ணு நம்பூதிரி, மடவூர் வாசுதேவன் நாயர் ஆகியோர் இந்த வழியின் பெரிய பெயர்கள். இப்போது இரண்டு வழியும் கலந்துதான் வருகின்றன; கலப்பைக் குறையாக எடுக்க வேண்டியதில்லை.

விழாக் கமிட்டிக்காரர்களுக்குச் சில சொல்ல வேண்டும். மேடை முன் வைக்கும் ஆட்டவிளக்கில் இரண்டு திரி, ஒன்று நடிகர் பக்கம், ஒன்று சபையின் பக்கம். மனயோலைப் பச்சை அந்த மஞ்சள் சுடருக்காகப் பிறந்த நிறம். வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை நேர் எதிரே மாட்டினால் முகம் சுவரில் அடித்த பெயின்ட்போலத் தட்டையாகி, சுட்டியின் நிழலே இல்லாமல் போகும். வெளிச்சம் வேண்டுமானால் மஞ்சள் பல்புகளைப் பக்கவாட்டில், மேலே வையுங்கள். மேடை இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். தரையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதம் தெரியாது. சிமென்ட் தளமானால் மேலே பலகை போடுங்கள், பாதத்தின் விளிம்பில் நின்று மிதிக்கிறவர்களின் கால் அது. மைக் பாட்டுக்காரர்களுக்கு மட்டும் போதும். செண்டைக்கு மைக் வைத்த ராத்திரியில் பதம் ஒன்றும் கேட்காது.

நேரத்தைக் குறைப்பதுதான் பெரிய வம்பு. விடிய விடிய ஆட முடியாது, நான்கு மணி நேரம்தான் என்றால், முன்சடங்கான தோடயத்தை விட்டுவிடலாம்; பல இடங்களில் ஏற்கெனவே விட்டாயிற்று. அடுத்த முன்சடங்கான புறப்பாட்டைச் சுருக்கலாம். பாட்டுக்காரரும் மேளக்காரரும் தங்கள் திறமையைக் காட்டும் மேளப்பதம் அரை மணி நேரத்துக்குள் அடங்கும். வழக்கத்தில் நடப்பது நேர்மாறு: முன்சடங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு பதிஞ்ச பதத்தையும் இளகியாட்டத்தையும் வெட்டிவிட்டு, ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று சண்டையையும் வதத்தையும் மட்டும் ஆடச் சொல்கிறார்கள். குங்கிலியத் தூள் பந்தத்தில் பளீரென்று எரிய, சிவப்புத் தாடி திரையைப் பிடித்துக்கொண்டு அலறுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வதம் மட்டும் ஆடுவதற்கு இத்தனை வருஷக் கண்சாதகம் தேவையில்லை. மூன்று கதையை ஓட்டாமல் ஒரே கதையை எடுத்து, எந்தக் காட்சி, யார் வேஷம் என்பதை நோட்டீசில் போட்டு, பதங்களின் பொருளைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுத்தால் போதும். சுலோகம் தொடங்கும் முன் ஒருவர் இரண்டு நிமிடம் கதை சொல்லட்டும். ஆட்டம் நடக்கும்போது மைக்கில் விளக்கம் சொல்ல வேண்டாம்.